நிற்கும் கழிவு

காராகயா மின் நிலையத்தில் எரிய வேண்டுமென்றால், ஒரு மரக்கட்டை முதலில் தான் எதற்கும் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டைக்கு எழுதத் தெரியாது என்பதால் அதன் சொந்தக்காரரே எழுதிக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தது. படிவத்தின் பெயர் பயனின்மைச் சான்று. மூன்று பிரதிகள். 'இம்மரம் எந்தத் தேதி முதல் பயனற்றுப் போனது?' என்பது முதல் கேள்வி. 'அதற்கு முன் பயன்பட முயன்றதா? ஆம் எனில், ஏன் கைவிட்டது?' என்பது இரண்டாவது. நிலையம் கழிவு மரத்தை மட்டுமே எரிக்கும். நல்ல மரத்தை எரிப்பது பாவம் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

ரிஃபாத் அந்தப் படிவத்தை நூற்றுப் பதினேழு முறை நிரப்பியவர். அந்த மலைச்சரிவு முழுக்கத் தேடினாலும் அவ்வளவு பயனின்மையை ஒப்புக்கொண்ட ஆள் வேறு கிடையாது.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மேட்டுத் தோட்டத்தில் அறுபத்து நான்கு ஒலிவ மரங்கள், ஒரு கிணறு, நினைத்தால் ஓடுகிற டீசல் பம்பு ஒன்று. வீட்டில் மனைவி சானியே. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆகஸ்டு மாதத்தில் அதை மேலே ஏற்றத்தான் வழியில்லை. மரங்கள் காய்களை உதிர்க்கும், ரிஃபாத் பம்பை உதைப்பார், பம்பு புகையைக் கக்கிவிட்டுப் படுத்துவிடும். பதினைந்து வருஷமாக அவர் கடவுளிடம் கேட்டதெல்லாம் கிணறு வரைக்கும் ஒரு மின்சாரக் கம்பி. கடவுள் பதில் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் மின் நிலையம் கட்ட வந்த டைரக்டர் ஹல்துன் பதில் சொன்னார்.

ஹல்துன் ஜனவரியில் வீட்டுக்கே வந்தார். நகரத்து ஆள், ஆனால் காலணியை வாசலிலேயே கழற்றினார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து ரிஃபாத்தின் எண்ணெயில் தோய்த்து, உப்பில் ஒற்றி, கண்ணை மூடிச் சாப்பிட்டார்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு எண்ணெய என் வாழ்க்கையில சாப்பிட்டதில்ல. உங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க."

"கிணத்துக்கு ஒரு கரண்டு லைன் வேணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இவ்வளவுதானா? நாப்பது டன் கழிவு மரம் குடுங்க. உங்க கிணத்துப் பம்பு கரண்டுல ஓடும். இது என் வாக்கு."

"அத எழுதித் தருவாரா?" என்று அடுப்படியிலிருந்து சானியேயின் குரல் வந்தது.

ரிஃபாத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஒருவர் நம் வீட்டு ரொட்டியையும் உப்பையும் தின்றுகொண்டிருக்கும்போது அவரிடம் பேச்சை எழுத்தில் கேட்பது, வாயிலிருக்கும் கவளத்தைத் தோண்டி எடுப்பது மாதிரி. அந்த ஊரில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஹல்துனுக்கு அப்படிப்பட்ட கூச்சம் ஏதுமில்லை. கையைத் துடைத்தவுடன் பதினோரு பக்க ஒப்பந்தம் ஒன்றை எடுத்து விரித்தார். ரிஃபாத் பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. படித்தால் விருந்தாளியைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடும் என்று நினைத்தார்.

நாற்பது டன் என்பது சின்னப் பேச்சு இல்லை. வருஷா வருஷம் கழிக்கிற கிளைகளைச் சேர்த்தால் இரண்டு டன் தேறும். ஆனால் ஒலிவ மரத்தில் வேறொரு வேலையும் உண்டு. மரம் கிழடு தட்டினால், அதன் பெரிய கைகளையெல்லாம் தோளோடு வெட்டி மொட்டைக் கட்டையாக நிறுத்திவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு அது பிணம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிணத்தின் உடம்பெல்லாம் துளிர் வெடிக்கும். நாலு வருஷத்தில் புது மரமாகக் காய்க்கும். இதைத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மரத்துக்குத்தான் செய்வார்கள். மிச்ச மரங்கள் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் அல்லவா?

ரிஃபாத் பிப்ரவரியில் அறுபத்து நான்கையும் வெட்டினார்.

"பைத்தியமாய்யா உனக்கு? நாலு வருஷம் எதத் திம்போம்? கரண்டுக் கம்பத்தயா?" என்றாள் சானியே.

"நாலு வருஷம் பல்லக் கடிச்சிக்குவோம் புள்ள. அதுக்கப்புறம் தண்ணியோட புதுத் தோட்டம். நாப்பது டன்ன ஒரே மூச்சுல குடுத்துட்டா, கோடைக்கு முன்னாடி லைன் வந்துரும். ஹல்துன் ஐயா நம்ம உப்பத் தின்னவரு."

"உப்பத் தின்னாரு, சரி. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கான்னு கேட்டியா? நாளைக்கே டாக்டரு உப்பத் தள்ளி வைக்கச் சொன்னா என்ன பண்ணுவ?"

எடைமேடையில் கணக்குப் பார்த்தபோது முப்பத்தொன்பது டன் வந்தது. ஒரு டன் குறைந்தது. ரிஃபாத் ஆட்டுப்பட்டிக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். திராட்சைப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார். கடைசியில் சானியே கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மரப்பெட்டியையும் டிராக்டரில் ஏற்றினார். சானியே பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கூட வந்தாள்.

வகைப்பாட்டு அலுவலர் தைமூர் இளைஞன். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் என்பது அவன் பேனா பிடிக்கும் விதத்திலேயே தெரியும். அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"உள்ள மெத்தை விரிப்பு இருக்கே, அக்கா. அப்ப இது பயன்பாட்டுல இருக்கு. கழிவா ஏத்துக்க முடியாது."

"எடுத்துட்டேன். இப்ப?"

"இப்பவும் விரிப்பு வைக்கலாம்ங்கிற நிலைமையில இருக்கு. இந்தப் பெட்டியால இனி எந்தப் பிரயோஜனமும் இல்லன்னு நீங்க மனப்பூர்வமா நம்புறதா எழுதணும்."

"அப்படி எழுதணும்னா மொதல்ல இந்தாள எழுதணும்," என்று சானியே புருஷனைக் காட்டினாள். தைமூர் மனிதர்களுக்குத் தனிப் படிவம் இன்னும் வரவில்லை என்று வருத்தத்தோடு சொன்னான். பெட்டியின் ஒரு காலை உடைத்த பிறகு வாங்கிக்கொண்டான்.

நாற்பது டன். மறு வாரமே ரிஃபாத்துக்கு 'ஆண்டின் சிறந்த கழிவாளர்' என்று பட்டம் சூட்டினார்கள். ஊர் காபிக்கடையில் விழா. கடைக்காரன் வெய்செல், கடையிலுள்ள எல்லா நாற்காலிகளையும் துடைத்துப் போட்டிருந்தான். ஹல்துன் எழுந்து ரிஃபாத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"பெரியோர்களே! சில பேர் கேக்குறாங்க, இந்த நிலையம் மரங்களுக்கு எதிரியான்னு. நம்ம நாட்டுல உயிருள்ள ஒலிவ மரத்த வெட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்த எங்கள விட யாரும் மதிக்கிறதில்ல. உயிருள்ள மரத்த நாங்க தொடவே மாட்டோம். தொட வேண்டிய நெலம வந்தா, மொதல்ல அது உயிரோட இல்லங்கிறத முறைப்படி உறுதி செஞ்சுக்குவோம். அதுக்கப்புறம்தான் தொடுவோம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். ரிஃபாத்தும் தட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாக.

மார்ச் ஐந்தாம் தேதி தபாலில் ஒரு வாழ்த்துக் கடிதம் வந்தது.

'தங்கள் தோட்டத்தில் இருபது நாட்களுக்கு மேல் இலையின்றி நின்றுகொண்டிருக்கும் அறுபத்து நான்கு கட்டைகள், ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கப்படி, நிற்கும் கழிவு என வகைப்படுத்தப்பட்டுள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். இவற்றுக்குரிய பயனின்மைச் சான்றுகளைத் தாங்கள் நிரப்பிச் சிரமப்பட வேண்டியதில்லை. நாங்களே நிரப்பிக்கொண்டோம்.'

ரிஃபாத் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிறகு, அழுக்குச் சட்டையை மாற்றக்கூட நிற்காமல் பள்ளத்தாக்குக்கு ஓடினார்.

"தம்பி, செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? கைய வெட்டி விட்ருக்கேன், அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில துளிர் விடும்!"

தைமூர் நாள்காட்டியைப் புரட்டினான். "ஏப்ரல் கடைசியா? கணக்கெடுப்பு மார்ச் இருபதாச்சே."

"அது மரத்துக்குத் தெரியாதே!"

"அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கோமே, அண்ணே."

உயிருள்ளது என்று வாதிட விரும்பும் மரத்துக்கும் ஒரு படிவம் இருந்தது. உயிர்ப்புச் சான்று. மரத்தின் சமீபத்திய புகைப்படம் இரண்டு, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். உடம்போடு ஒட்டிய நிலையில் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இலை ஒன்று. பறித்துக் கொண்டுவரும் இலை ஏற்கப்படாது. ரிஃபாத் டைரக்டரின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்.

ஹல்துன் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். "அண்ணே! உங்க எண்ணெய இன்னும் மறக்கல நானு. வருத்தப்படாதீங்க. ஒரே ஒரு இலை காட்டுங்க. ஒரு இலை இருந்தா அந்த மரத்து மேல என் நிழல்கூடப் படாது."

பதினைந்து நாள் இருந்தது. ரிஃபாத்தும் சானியேயும் மரங்களைக் குளிர் தாக்காமல் கம்பளியாலும் ஆட்டுத்தோலாலும் சுற்றினார்கள். வீட்டுப் போர்வைகளெல்லாம் தோட்டத்துக்குப் போயின. அவர்கள் சட்டைகளைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். சாப்பாட்டு வேளைகளில் சானியே தன் வழக்கமான ஏச்சைக்கூட விட்டுவிட்டாள். அதுதான் ரிஃபாத்துக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மார்ச் பத்தொன்பதாம் தேதி பதினேழாம் மரத்தில், கீழ்த்தோள் வெட்டுக்குப் பக்கத்தில், துவரம்பருப்பு அளவில் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. சானியே அதன் முன்னால் மண்டியிட்டு அழுதாள். மறுநாள் தைமூர் அளக்கும் கருவியோடு வந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தான். அவன் கெட்ட பையன் இல்லை. ஒருமுறைக்கு மூன்று முறை அளந்தான்.

"நாலு மில்லிமீட்டர். இருபத்தாறு மில்லிமீட்டர் உயிர் குறையுது, அண்ணே."

"பச்சையா இருக்குல்ல? கண்ணு தெரியலயா?"

"பச்சைக்குக் கட்டம் இல்ல. நீளத்துக்குத்தான் இருக்கு."

அன்று மாலைக்குள் நிலையத்து ஆட்கள் அறுபத்து நான்கையும் வேரோடு ஒட்ட அறுத்து முடித்தார்கள். கிளைகளையெல்லாம் ரிஃபாத்தே முன்கூட்டி வெட்டிவிட்டிருந்ததால் வேலை சுலபமாக இருந்தது என்று மேஸ்திரி அவரிடமே பாராட்டாகச் சொன்னார். ரிஃபாத் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருவன் ஏமாற்றினால் கோபப்படலாம். ஏமாற்றியவனுக்கு நம் கையாலேயே பாதி வேலையைச் செய்து கொடுத்திருந்தால் யார் மேல் கோபப்படுவது? அவருக்குத் தெரியவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தின் களம் நிறைந்துவிட்டதால் கட்டைகளை ரிஃபாத்தின் தோட்டத்திலேயே அடுக்கி வைத்தார்கள். பாய்லர் பற்றவைக்கும் நாள் வரை அவற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, பத்தாம் பக்கப்படி, அவருடைய பொறுப்பு.

ஏப்ரலில் மலைமேல் கம்பங்கள் ஏறிவந்தன. ஒவ்வொன்றாக, வரிசையாக, கிணறு வரைக்கும். ரிஃபாத் வாசலில் நின்று பார்த்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினைந்து வருஷப் பழக்கம் அது, லேசில் விடாது. புதுப் பம்பைப் பொருத்தி, நிலையம் எரியத் தொடங்கும் வரை ஊர்க் கரண்டையே அதில் விட்டார்கள். விசையைத் தட்டியதும் சத்தமே இல்லாமல் தண்ணீர் மேலே வந்தது. குழாய் வழியாக ஓடி, அடுக்கி வைத்திருந்த கட்டைக் குவியல் மேல் மழை மாதிரி பெய்தது.

"தீ விபத்து வந்துரக்கூடாது பாருங்க. எரியுற பொருளு," என்றார் ஹல்துன். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சொன்னேன்ல, அண்ணே? உங்க கிணத்துப் பம்பு கரண்டுல ஓடும்னு. வாக்குக் குடுத்தா உயிரக் குடுத்தாவது காப்பாத்துறவன் நான்."

திறப்பு விழா மே இருபத்தெட்டு என்று குறித்தார்கள். தலைநகரத்திலிருந்து விருந்தினர்கள் வருவார்கள். முதலில் மேட்டுத் தோட்டத்தில் 'கழிவின் பிறப்பிடம்' என்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கீழே போய் பாய்லர் முன்னால் கிடா அறுத்து நெருப்பு வைப்பார்கள். ஒலிவ மரத்தின் சுபாவத்தைப் பற்றி ஒன்பதாம் பக்கத்திலும் இல்லை, பத்தாம் பக்கத்திலும் இல்லை. அதை வெட்டிப் போட்டாலும், கட்டைக்குள் கொஞ்சம் உயிரும் மேலே கொஞ்சம் ஈரமும் இருந்தால் அது துளிர்க்கும். ஹல்துன் ஆறு வாரம் விடாமல் தண்ணீர் தெளித்திருந்தார்.

மே இருபத்தெட்டு காலையில் அந்தக் குவியல் முழுக்கப் பச்சைப்பசேலென்று நின்றது.

அத்தனை நாளும் அந்தப் பக்கம் போக மனமில்லாதிருந்த ரிஃபாத் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். பதினேழாம் கட்டையை வெட்டுத் தழும்பை வைத்தே கண்டுபிடித்தார். அதே தோள், அதே இடம். இலையோடு அடிக்கோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விழாவுக்கு முன்னோட்டம் பார்க்க வந்த ஹல்துனைக் கூப்பிட்டார்.

"ஐயா, நீங்க மூணு கேட்டீங்க. நல்லாப் பாருங்க. அஞ்சரை! எல்லாத்துலயும் இருக்கு. உயிரோட இருக்கு ஐயா. ஒரு இலை இருந்தா நெழல்கூடப் படாதுன்னு சொன்னீங்கள்ல?"

ஹல்துன் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "தைமூர்! இதுக்கு விதி என்ன சொல்லுது?"

தைமூர் புத்தகத்தைப் புரட்டினான். "உயிர்ப்புச் சான்று நிக்குற மரத்துக்குத்தான், ஐயா. இது படுத்திருக்கு."

"படுக்க வெச்சது நீங்கதானேப்பா!" என்று ரிஃபாத் கத்தினார்.

"யாரு படுக்க வெச்சதுங்கிறதுக்குக் கட்டம் இல்ல, அண்ணே."

ஹல்துனுக்கு உயிர் திரும்பியது. ஆனாலும் படத்தில் பச்சையாகத் தெரியுமே? தலைநகரத்து ஆட்கள் வரும் வண்டிகள் வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. அவர் ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிஃபாத்தின் கையில் வைத்தார். அதில் தங்க நிறக் குஞ்சம் தொங்கியது.

"அண்ணே, நமக்குள்ள என்ன? இந்த எலைய மட்டும் நறுக்கி விட்ருங்க. உங்க கை பட்டா மரம் கேக்கும்."

ரிஃபாத் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தார். "என் ரொட்டி எறங்குன தொண்டதானா இப்படிப் பேசுது?" என்றார். ஹல்துன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரிஃபாத்தைத் தாண்டி, விழா பார்க்கத் தோட்டத்தில் கூடியிருந்த ஊரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பெரியோர்களே! யார் யாரு கிணத்துக்கு லைன் வேணும்?"

ரிஃபாத் திரும்பிப் பார்த்தார். யாரும் அசையமாட்டார்கள் என்றுதான் நினைத்தார். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் ஐந்து பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. அவரோடு ஒலிவை பறித்தவர்கள், அவர் வீட்டுக் கல்யாணத்தில் ஆடியவர்கள். இலைகளைக் கையாலேயே உருவினார்கள். காபிக்கடை வெய்செல் பதினேழாம் கட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"வெய்செல், நீயுமாடா?"

"கடையில தெனமும் கரண்டு போகுதுண்ணே," என்றான், இலையைப் பார்த்துக்கொண்டே. "நேரா லைன் தர்றேங்கிறாரு."

"எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டாள் சானியே.

"அதெப்படிக்கா கேக்குறது? நேத்து என் கடையில சாப்பிட்டாரே."

சானியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க ரிஃபாத்துக்குச் சகிக்கவில்லை. விருந்தினர்கள் வந்து இறங்கியபோது குவியல் மறுபடியும் முறையான கழிவாக இருந்தது. ரிஃபாத்தை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கீழே, சிவப்பு ரிப்பன் கட்டிய கிடா ஒன்று எந்தப் படிவமும் நிரப்பாமல் காத்திருந்தது. அதற்கும் அவருக்கும் அன்று பெரிய வித்தியாசம் இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோடையில் வராத மழை வந்தது. பகலிலேயே காபிக்கடைக்குள் இருட்டு. ரிஃபாத் ரொம்ப நாளுக்குப் பிறகு உள்ளே வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். உள்ளே இருந்தவர்கள் தங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கு மேலே நிலையத்து லைனில் புதுக் குண்டு பல்பு, சிமிட்டாமல், பளிச்சென்று எரிந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

"வெய்செல், அந்த விளக்க அணைச்சிரு."

வெய்செல் எட்டி விசையைத் தட்டினான். இருட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டு கையாலும் டீ கிளாஸை ஏந்திக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"குடிண்ணே. காசு வேணாம்."

ரிஃபாத் கிளாஸைப் பார்த்தார். ஆவி பறந்தது.

"எதுல கொதிக்க வெச்ச?"

வெய்செலுக்குப் பின்னால், அடுப்பு இருந்த இடத்தில், புது மின்சாரக் கொதிகலனின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. ரிஃபாத் கிளாஸைத் தொடாமல் எழுந்தார். வெளியே போய், மழையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.